கழற்றி வைக்காத கட்டுப்பல்

பிறெண்டா டொக்டர் எக்ஸ்றேப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தபோது, அது தன்னுடைய தாடை என்று இராசாத்தியால் நம்பவே முடியவில்லை. மேல்தாடை ஏதோ மனுசத் தாடை மாதிரித்தான் இருந்தது. கீழே மட்டும், தேய்ந்துபோன குளியல் சவர்க்காரத்தின் கடைசித் துண்டு போல, மெல்லிசாக ஒரு வெள்ளை வளைவு. சேலைத் தலைப்பால் வாயை மூடியபடியே பக்கத்தில் நின்ற புருசனைப் பார்த்தாள். சாமித்தம்பி களப்பு நீரில் வலை வீசுகிறவர். எதைக் கண்டாலும் அதற்கு ஒரு கதை வைத்திருப்பார். அவரும் அன்றைக்குத் தன் நாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பல்லு இல்லாட்டி எலும்புக்கு வேல இல்ல அக்கா. வேல இல்லாட்டி அது கரைஞ்சு போகும்” என்றாள் பிறெண்டா. மட்டக்களப்பு டவுனில் பறங்கிக் குடும்பமொன்றில் பிறந்தவள். சின்னதிலேயே பெற்றோரோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே பல் வைத்தியம் படித்து, சண்டை முடிந்து இரண்டாம் வருடம் தேவாலயத்து இலவச முகாமுக்காக வந்திருந்தாள். தமிழை மட்டும் கொண்டுபோன வயதிலேயே வைத்திருந்தாள். பூசி மெழுகத் தெரியாத பிள்ளைத் தமிழ் அது.

சுனாமியில் கடல் அவர்களுடைய ஊரான ஆரையம்பதிக்குள் வந்த அன்று மரக்கட்டையொன்று இராசாத்தியின் வாயில் வந்து மோதியது. மகன் நிலோஜன்தான் அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். கீழ்வரிசையில் உடையாமல் ஆடிக்கொண்டிருந்த பற்களையும் பிறகு பிடுங்க வேண்டி வந்தது. அகதி முகாமில், பல் கட்டிக் கொடுப்பதற்கு முந்திய ஒரு மத்தியானம், சோற்றுக் கோப்பையை மகனிடம் நீட்டியவள் மறந்துபோய்ச் சிரித்துவிட்டாள். அந்த வாயைப் பார்த்ததும் அவன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனான். அழத்தான் போனானோ, அருவருத்துத்தான் போனானோ, கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு வெல்லாவெளியில் அவளுடைய தங்கச்சி வீட்டில் நின்றவனை இயக்கத்து ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வன்னியில் நிற்கிறான் என்று கொஞ்சக் காலம் சேதி வந்தது. சண்டை முடிந்ததோடு சேதியும் முடிந்தது.

போன வருடம், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறோம் என்று அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். இராசாத்தியின் முறை வந்தது. “என்ட மகன்” என்று தொடங்கியதுமே கட்டுப்பல் முரசுச் சதையைவிட்டுக் கிளம்பிவிட்டது. நாக்கால் அமுக்கினாள். பேச்சுக்குப் பதில் எச்சில் வந்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எழுதிக் கொடுங்கள் அம்மா என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்தாள்தான். ஆனாலும் பெற்றவள் பிள்ளையைக் கேட்பதென்றால் வாயால் கேட்க வேண்டும். அவர்கள் மறுபடி வரப்போவதாகக் கதை அடிபட்ட நாளிலிருந்து பல், பல் என்று புருசனை அரித்தெடுத்து இங்கே கூட்டி வந்துவிட்டாள்.

சாமித்தம்பிக்கு அந்த விசாரணையில் நம்பிக்கையில்லை. பொடியன் போய்ச் சேர்ந்துவிட்டான், காரியத்தைச் செய்து அமுது படைப்போம் என்பது அவருடைய எண்ணம். அதை ஒரே ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு சொல்வதில்லை.

“எலும்பு வைச்சு மேடு கட்டலாம்” என்றாள் பிறெண்டா. “அது ஊறினா மறுகா பல்லத் தாங்க ஆணி இறக்கலாம்.”

“ஆர்ர எலும்பு?” என்றாள் இராசாத்தி, தலைப்புக்குள்ளிருந்து.

மாட்டெலும்பைச் சுத்தம் செய்து மணல் மாதிரி அரைத்து வைத்திருப்பதாகப் பிறெண்டா சொல்லி முடிக்கவில்லை, சாமித்தம்பி பாய்ந்துவிட்டார்.

“மாடோ! மறுகா அம்மன் கோயில் வாசல் மிதிக்கேலாது. அத உடுங்க டொக்டர்.”

அவளுடைய இடுப்பெலும்பிலேயே கொஞ்சம் வெட்டி எடுக்கலாம், ஆனால் கொழும்புக்குப் போய்ப் பெரிய ஒப்பரேசன் செய்ய வேண்டும், ஆறுவதற்கே ஒரு வருடம் ஓடிவிடும் என்றாள் பிறெண்டா. இன்னொன்றும் இருந்தது. செத்துப்போன மனிதர் தானமாகக் கொடுத்த எலும்பு.

இராசாத்தியின் மனம் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. “குடுத்தவர்ர தாய்க்குத் தெரியுமா?”

“வீட்டாக்களக் கேட்டுத்தான் எடுப்பாங்க அக்கா.”

அப்படியென்றால் அந்தத் தாய் கண்டிருக்கிறாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, கட்டிப்பிடித்து அழுது, சரி கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறாள். முகம் தெரியாத அந்தப் பெண்மேல் இராசாத்திக்குப் பொறாமை வந்தது. செத்த வீட்டைப் பார்த்தா பொறாமைப்படுவது என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் வந்தது பொறாமைதான். “அது எனக்கு வேணாம் புள்ள” என்றாள்.

பிறெண்டா படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். “நாடிக்குள்ள, முன்னுக்கு மட்டும், கொஞ்சம் எலும்பு மிச்சமிரிக்கு. ரெண்டு ஆணி தாங்கும். மூணு மாசம் போனா அதில பல்லக் கொழுவலாம். முறுக்கெல்லாம் கடிக்கேலாது. கதைக்கலாம்.”

“கதைக்க ஏலுமெண்டாப் போதும்.”

பிறகுதான் பிறெண்டா வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். முரசெல்லாம் புண். “ராவைக்குக் கழட்டித் தண்ணிக்குள்ள போடுறீங்கதானே?”

இராசாத்தி தலைப்பை இழுத்து வாயை மூடினாள். சாமித்தம்பிக்குப் பெண்சாதியின் நல்ல பழக்கத்தைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. “சீ, அவ கழட்டி நான் கண்டதேயில்ல டொக்டர். படுக்கிறதும் பல்லோடதான்.”

“ஒரு நாளுமா? ஏன் அக்கா?”

“அவன் ராவில வந்து கூப்பிட்டா?” என்றாள் இராசாத்தி. “இருட்டுக்குள்ள நான் பல்லத் தேடிக்கிட்டு நிக்கேலுமா? இந்த வாயோட அவன்ட முன்னுக்குப் போகமாட்டன்.”

சாமித்தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் ஒரே படுக்கையறையில் படுத்தவருக்கு இந்தக் காரணம் இன்றைக்குத்தான் தெரியும் என்பதை அவர் முகம் காட்டிக் கொடுத்தது.

“எலும்பு சும்மாவே கரையும்தான்” என்றாள் பிறெண்டா. “ராவும் பகலும் இது அமுக்கி அமுக்கி இன்னும் கெதியாக் கரைச்சிட்டுது. இப்ப இத இஞ்ச வைச்சிட்டுப் போங்க. புண் ஆறினாத்தான் ஆணி. புதுப்பல்லயும் ராவையில கழட்டத்தான் வேணும். ஏலுமா?”

மகனுக்காகப் பேச வேண்டுமென்றால், மகன் வருகிற நேரம் இந்த வாயோடுதான் நிற்க வேண்டும். இராசாத்திக்கு அது நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் எழும்பவும் முடியவில்லை, தலையாட்டவும் முடியவில்லை. வெளியே அடுத்த ஆள் இருமுவது கேட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, பல்லைக் கழற்றி, தலைப்பில் துடைத்து, பிறெண்டாவின் கையில் வைத்தாள்.

பஸ் நிற்கும் இடத்தில் களப்புக் காற்று சேலையை இழுத்தது. கொஞ்ச நேரம் தலைப்போடு மல்லுக்கட்டிப் பார்த்தவள், சட்டென்று அதைத் தோளில் போட்டுவிட்டுப் புருசனின் பக்கம் முழுமுகமாகத் திரும்பினாள். கன்னம் உள்ளே விழுந்து, நாடி மூக்கை நோக்கி ஏறியிருந்த அந்த முகத்தை அகதி முகாமுக்குப் பிறகு அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவர் பார்வையை எடுக்கவில்லை.

“அவன் வந்தா நீங்க முன்னுக்குப் போங்க” என்றாள். பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. “கொம்மாக்குப் பல்லில்ல, பயப்படாத எண்டு சொல்லுங்க. மறுகா நான் வாறன்.”

நாக்கு நுனிவரை வந்த எதையோ அவர் விழுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அது என்னவென்றும் தெரியும்.

“ஓம், சொல்லுறன்” என்றார்.

அன்றைக்குப் பொழுதுபட்டதும், வழமையாக மின்விசிறிக்குக் கீழே படுக்கிற சாமித்தம்பி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலுக்குக் குறுக்கே விரித்தார். தலையணையைப் போட்டார். பிறகு ஏதோ நினைத்தவராக எழும்பிப் போய், வேலிப் படலையின் கொளுக்கியைக் கழற்றிவிட்டு வந்து, வீதியைப் பார்த்தபடி படுத்தார்.