விளைந்த கோதுமையை விட்டுவிட்டு

எங்கள் ஊரில் வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவோம். கையோடு எடுத்துக்கொண்டு போனால், இவளுக்கு யார் மேல் சந்தேகம் என்று ஊர் கேட்கும். ஹார்ட்விக்கில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சந்தேகப்பட வேண்டிய ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கே தெரியும்.

என் கணவர் எல்டனிடமும் அவர் தம்பி டுவெய்னிடமும் ஒரே மாதிரி வெள்ளை பிக்கப் வண்டி இருக்கிறது. பேசி வைத்துக்கொண்டு வாங்கியதல்ல. அண்ணனும் தம்பியும் பேசியே ஒன்பது வருஷம் ஆகிறது. வாங்கின வருஷம் கடைக்காரன் இரண்டு வண்டிதான் தருவித்திருந்தான், இரண்டும் வெள்ளை.

பேச்சு நின்றது மாமனாரை அடக்கம் செய்த அன்று. ஜூன் மாதக் கடைசி, கோதுமை விளைந்து நின்றது, ரேடியோவில் ஆலங்கட்டி மழை என்று சொல்லிவிட்டார்கள். கன்சாஸில் அந்த மழை கால்மணி நேரம் பெய்தால் போதும், ஒரு வருஷப் பாடு தரையோடு தரையாகிவிடும். டுவெய்ன் அடக்கத்துக்கு வராமல் நேராக அப்பாவின் வயலுக்குப் போய் அறுவடை இயந்திரத்தில் ஏறிவிட்டான். நாங்கள் குழியில் மண் போட்டுவிட்டு, சர்ச்சின் கீழ்க்கூடத்தில் பன்றித்தொடை ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலட்டும் தின்று முடித்து, தட்டைக் கழுவுகிற நேரத்தில் வந்தான். கழுத்தெல்லாம் கோதுமைத் தூசி. "இனிமே என்கூடப் பேசாத" என்றார் எல்டன். டுவெய்ன் சொன்ன சொல் கேட்கிறவன், பேசவில்லை. அன்றைக்கு ஆலங்கட்டி பெய்யவும் இல்லை, தெற்கே போய்விட்டது.

என்னோடு பேசுவான். எங்கே பார்த்தாலும் தொப்பியைத் தொட்டு "அண்ணி" என்பான். அண்ணனும் தம்பியும் சாலையில் எதிரெதிரே வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். இங்கே எதிரே வருகிற எல்லோருக்கும் அப்படி விரல் தூக்குவோம். தூக்காவிட்டால்தான் சண்டை என்று அர்த்தம். ஆகவே ஒன்பது வருஷமாக அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

போன மே மாதம் எல்டனின் இதயத்தில் மூன்று அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். மார்பைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், விச்சிட்டாவில், ஜூன் கடைசிப் புதன்கிழமை. பத்துப் பேருக்கு எட்டுப் பேர் நன்றாக எழுந்துவிடுகிறார்கள் என்றார் டாக்டர். மற்ற இரண்டு பேரைப் பற்றி எல்டன் கேட்கவில்லை. நான் கேட்டேன், டாக்டர் பேனாவை மூடினார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார் எல்டன் வரும் வழியில்.

"உங்க தம்பிகிட்டயாவது?"

"அவன்கிட்ட முக்கியமா கூடாது. தெரிஞ்சா ஊரே மிஷினோட வந்து நம்ம வயல அறுத்துக் குடுக்கும். அந்தக் கூட்டத்துல அவன் வந்தாலும் எனக்குக் கஷ்டம், வராட்டியும் கஷ்டம்."

"அப்ப கோதுமை?"

"நின்னா நிக்குது. போனா போவுது."

சத்தியம் வாங்கிக்கொண்டார். நாற்பத்தொரு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்திருக்கிறேன், செத்துக்கித்துப் போனால் தம்பியோடு பேசாமலே போய்விடுவாரே என்றுதான் என் கவலை. வாயைத் திறக்க முடியாது, சத்தியம் செய்தாயிற்று. அவர் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கவர்கூட இல்லாமல் வண்டியில் வெயில் மறைக்கும் பலகைக்குப் பின்னால் செருகி வைத்தார். அவருக்கு மறக்கக் கூடாததெல்லாம் அங்கேதான் போகும், போனதும் மறந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை, பழைய பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுநரின் அடக்கம். சாப்பாடு முடிந்து வெளியே வந்தோம். சர்ச் வாசலில் பதினாறு பிக்கப் வண்டிகள் நின்றன. எல்டன் ஒரு வெள்ளை வண்டியில் ஏறினார், நானும் ஏறினேன். ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பை வைக்கும் இடத்தில் ஒரு டம்ளர் நிறைய சூரியகாந்தி விதைத் தோல். டுவெய்ன் சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அதைத்தான் கொறிக்கிறான்.

வாயைத் திறக்கப் போனேன். அப்போது அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"சீட் என்ன முன்னாடி வந்திருக்கு?" என்றார் எல்டன்.

"நீங்க ரெண்டாந்தரம் சாலட் வாங்குனீங்க" என்றேன்.

அதை ஒத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் டம்ளரைப் பார்த்தார்.

"இது நம்ம வண்டி இல்ல."

"ஆமா."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சர்ச் வாசல்லயே."

சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கினார். எங்கள் வண்டியை டுவெய்ன் எடுத்துப் போயிருப்பான், அவனுக்கு வேறு வண்டி மிச்சமில்லை. மாற்றிக்கொள்ள ஒரு போன் போதும், ஆனால் போன் செய்தால் பேச வேண்டியிருக்கும். எல்டன் செய்யவில்லை, டுவெய்னும் செய்யவில்லை. திங்கட்கிழமை காலை பாலத்தருகே எங்கள் வண்டி எதிரே வந்தது. எல்டன் விரலைத் தூக்கினார். சொந்த வண்டிக்கே வணக்கம் வைத்த ஆள் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

தபால் ஆபீஸில் ஆர்லீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷமாக எங்கள் ஊர்க் கடிதங்களை வகை பிரித்துக் கொடுப்பவள். எந்தக் கடிதத்தையும் அவள் திறந்ததில்லை, திறக்க அவசியமும் ஏற்பட்டதில்லை.

"உங்க வண்டி மூணு நாளா டுவெய்ன் வீட்டு முன்னாடி நிக்குதே நார்மா. பேச ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப வண்டிங்க மட்டும் போக்குவரத்து வெச்சிருக்குதாக்கும்."

தபால்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை எல்டன் வயலில் நின்று ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டுக் கடித்தார். மணி டக்கென்று உடைந்தால் அறுக்கலாம், நசுங்கினால் காத்திருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள்" என்று துப்பினார். இரண்டு நாள் என்றால் புதன்கிழமை. திரும்பும்போது திடீரென்று நின்றார்.

"அந்தக் கடுதாசி வண்டில இருக்கு."

"எந்தக் கடுதாசி?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"படிக்க மாட்டான்" என்றார் கொஞ்சம் யோசித்துவிட்டு. "அடுத்தவங்க கடுதாசியப் படிக்கிற மாதிரி அப்பா எங்கள வளக்கல."

அதை நான் யோசிக்கவே இல்லை. அது உண்மைதான், அந்த வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

புதன்கிழமை விடியுமுன் டுவெய்னின் வண்டியிலேயே விச்சிட்டாவுக்குக் கிளம்பினோம். டம்ளரைக் கொட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "அது அவன் பொருள்" என்றார் எல்டன். எட்டு மணிக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்முன் என் கையைப் பிடித்து, ரேடியோவில் வானிலை என்ன சொன்னான் என்று கேட்டார். மத்தியானம் மேற்கே ஆலங்கட்டி என்று சொல்லியிருந்தான். "ஒண்ணும் சொல்லல" என்றேன்.

பத்து மணிக்குக் காத்திருக்கும் அறையின் கதவு திறந்தது. வயல் பூட்ஸோடு டுவெய்ன் உள்ளே வந்தான். தொப்பியைத் தொட்டு, ஒரு நாற்காலியை இடைவெளி விட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி."

"டுவெய்ன்."

"நேத்து சாயங்காலம் வெயில் மூஞ்சில அடிச்சுது. பலகைய இறக்கினேன். மடியில விழுந்துச்சு."

"படிச்சியா?"

"மடியில விரிஞ்சாப்ல கெடந்தா என்ன பண்றது" என்றான். காது சிவந்துவிட்டது, அறுபத்துமூன்று வயதில்.

"உன் கோதுமை?"

"நிக்குது."

"மத்தியானம் ஆலங்கட்டின்னு சொல்றான்."

"கேட்டேன்."

"அப்ப இங்க என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

பிறகு அவனாகச் சொன்னான்.

"உங்க வயல்ல ஏழு மிஷின் ஓடுது. நான் ஆர்லீன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"உன்னோடத யாரு அறுக்கறா?"

"உங்களோடது மொதல்ல முடியட்டும்னு சொல்லிட்டேன். என் மிஷினையும் அங்கதான் அனுப்பிருக்கேன்."

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். நன்றாக முடிந்தது, இதயம் தானாகத் துடிக்கிறது, தொண்டையில் வைத்த குழாயை எடுத்துப் பேச வைக்க மறுநாள் ஆகும் என்றார். டுவெய்ன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், திரும்பப் போட்டுக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு அவனுடைய போன் அடித்தது. ஆர்லீனின் குரல் எனக்கே கேட்டது, சொற்கள் புரியவில்லை. அவன் "சரி" என்றான். இன்னொரு தரம் "சரி" என்றான். "யாருக்கும் அடிகிடி படலியே?" என்று கேட்டுவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"உங்களோடது கிடங்குக்குப் போயிருச்சு. ஓரத்துல ஒரு துண்டுதான் மிச்சம்."

"உன்னோடது?"

"போச்சு" என்றான். "காப்பி குடிக்கறீங்களா அண்ணி? மிஷின் காப்பிதான்."

அவனுடைய நூற்றறுபது ஏக்கர். எனக்குக் காப்பி வேண்டாம், ஆனாலும் வாங்கிக் குடித்தேன். வேறு எதைச் செய்ய முடியும் என்று தெரியவில்லை. கடிதத்தை அவன் கைக்குப் போகவிட்டவள் நான்தான். அதைச் சொன்னேன், வண்டியில் ஏறியதுமே தெரிந்துவிட்டது என்றும் சொன்னேன்.

"எனக்கும் ஏறுனதும் தெரிஞ்சுது" என்றான் டுவெய்ன். "சீட் பின்னாடி இருந்துச்சு. அண்ணன் வண்டில உக்காந்து ரொம்ப நாள் ஆச்சேன்னு கெளப்பிட்டேன்."

மறுநாள் காலை எல்டனுக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். முகம் சாம்பல் நிறம், கண் மட்டும் பழைய கண். என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற தம்பியைப் பார்த்தார். நர்ஸ் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"கோதுமை?" என்றார், கரகரவென்று.

டுவெய்ன் என்னைப் பார்த்தான். பேசலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன்.

"உன்னோடது அறுத்தாச்சுண்ணே."

"உன்னோடது?"

"ஆலங்கட்டி."

"பூராவா?"

"பூராவும்."

எல்டன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக இறங்கியது. துடைக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார். மார்பில் தையல் போட்டவர் அவ்வளவு கோபப்படக் கூடாது.

"விளைஞ்ச கோதுமைய விட்டுட்டு வந்து எவனாவது ஆஸ்பத்திரில உக்காருவானா?" என்றார். "அப்பா இருந்திருந்தா உன்ன செருப்பால அடிச்சிருப்பார்."

"அடிச்சிருப்பார்" என்றான் டுவெய்ன்.

"அவர் சாவுக்கே வராதவன், இதுக்கு வந்து நிக்கறான் பாரு. மடையன்."

"சரிண்ணே."

"மடையன். வடிகட்டுன மடையன்."

இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டாள். கதவு மூடுவதற்குள் இன்னும் இரண்டு தரம் அதே சொல் கேட்டது. நடையில் நின்று நான் நன்றாக அழுதேன். டுவெய்ன் பையில் கைவிட்டுச் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எடுத்தான். பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணன் நல்லாத்தான் பேசுது, அண்ணி" என்றான்.