திறக்க மட்டும் தெரிந்த மெஷின்

தெருமுனை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றி, "முடிஞ்சிடுச்சுப்பா" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்த அய்யாசாமியின் வலது கை மெல்ல விரிந்தது.

டாக்டர் பின்வாங்கி டீபாயில் இடித்துக்கொண்டார். ஞானம்மாள் அத்தை, "அண்ணாத்தே முழிச்சிகினாரு! தண்ணி எட்தாங்கடி!" என்று கத்தினாள். கை தொய்ந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விரிந்தது.

விஷயம் மகன் உத்தமனுக்குத்தான் புரிந்தது. அப்பாவிடம் பேச்சுமூச்சில்லை என்றதும் டாக்டரைக் கூட்டிவர ஓடியவன், மெஷினை நிறுத்த மறந்திருந்தான். சட்டைப்பைக்குள் போய்விடக்கூடிய பெட்டி. அதிலிருந்து கிளம்பிய இரண்டு ஒயர்களும் அப்பாவின் முன்கையில் ஒட்டிய இரண்டு பேடுகளில் முடிந்தன. "சாரி டாக்டர்" என்று பாய்ந்தவன், பதற்றத்தில் கரண்டைக் கூட்டும் பட்டனை அமுக்கிவிட்டான். அப்பா இன்னும் தாராளமாகக் கை விரித்தார்.

"பாவி! ஷாக்கு வச்சே கொன்னுட்டியாடா எங்க அண்ணன?"

"இது பேட்டரி செல்லுல ஓடுறதும்மா. கையோட நிக்கும், நெஞ்சுக்குப் போகாது" என்றார் டாக்டர், முழங்காலைத் தேய்த்தபடி. "உயிர் போன பிறகும் நரம்பு கொஞ்ச நேரம் கரண்டுக்குப் பதில் சொல்லும். இவரு அமைதியாத்தான் போயிருக்காரு."

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் டாங்கிக்கு நட்டு முடுக்கிய கை அது. பக்கவாதம் வந்த பிறகு ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. பிசியோதெரபி செய்ய வேலப்பன்சாவடியிலிருந்து ஷர்மிளா ஸ்கூட்டியில் வருவாள். மெஷினைக் கொடுத்தவளும் அவள்தான். மூளை போடும் உத்தரவு கைக்கு வந்து சேரவில்லை, அதனால் மெஷின் நடுவழியில் உட்கார்ந்து அதே உத்தரவை நரம்புக்குப் போடுகிறது, நரம்பு தசையை இழுக்கிறது, விரல் விரிகிறது என்றாள். பிறகு ஓய்வு. மறுபடி கரண்ட். "அது பாட்டுக்கு ஓடட்டும்னு உக்காரக் கூடாதுய்யா. கை விரியும்போது நீங்களும் விரிக்கணும்னு நினைக்கணும்" என்று அப்பாவுக்கு மட்டும் கண்டிப்பான ஒரு கட்டளை.

தினமும் காலையில், மண்ணூர்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் உத்தமன்தான் பேடு ஒட்டுவான். கை விரிந்ததும் தன் கையை அதில் கொடுத்து, "வணக்கம் தோழர்" என்பான். கரண்ட் நின்றதும் அப்பாவின் விரல்கள் வழுக்கி விழுந்துவிடும்.

இன்று விழவில்லை. கரண்ட் நின்ற பிறகு அந்த விரல்கள் மடங்கி வந்து உத்தமனின் கையைப் பிடித்தன.

வேறு மகனாக இருந்தால் கண் கலங்கியிருப்பான். உத்தமன் சொன்னது: "இன்னா நைனா, மெஷின் ஓவரா ஆடுது? புது செல்லு போட்டது தப்பாப் போச்சே!"

அப்பா அசைகிற பாதி வாயால் சிரித்தார். பிறகு கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். உத்தமன் தன் கம்பெனி மேனேஜர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தான். அப்பாவின் கை விரிந்து விழுந்தது, விரிந்து விழுந்தது. ரசிக்கிறார் என்று நினைத்து கதையை இழுத்தான். டீயில் ஆடை கட்டிய பிறகுதான் உற்றுப் பார்த்தான்.

மதியத்துக்குள் வாசலில் சாமியானா, கூடத்தில் ஐஸ் பெட்டி. பட்டாபிராமைக் கடக்கும் ஒவ்வொரு ரயிலுக்கும் பெட்டியின் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. உத்தமன் ஒரே கேள்வியோடு அலைந்தான். பிடித்தது அப்பாவா, கரண்டா?

"நல்ல சாவுன்னு நினைச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் போயிருந்தார்.

"கரண்டுதாண்டா. அது புட்ச்சா உடுமா?" என்றாள் அத்தை.

மனைவி ரேணுகா, "மொதல்ல இந்த டீயைக் குடி" என்றாள்.

"நெசமாத்தான் கேக்குறேன், ரேணு."

"எப்போதான் நீ நெசமா கேட்ட?"

அதுவும் சரிதான். மாமனார் மோதிரம் போட வந்தபோது விரலை மடக்கிக்கொண்டு அவரை அழவிட்ட மாப்பிள்ளை அவன். அவன் வாய் திறந்தாலே எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருப்பார்கள்.

ஷர்மிளா மாலையோடு வந்தாள். போட்டுவிட்டுக் கும்பிட்டாள். கிளம்பியவளைக் கொல்லைப்பக்கம், மோட்டார் ரூம் அருகில் மடக்கினான். நடந்ததைச் சொன்னான். "மெஷின் புட்ச்சிச்சா, அவரு புட்ச்சாரா? ஆறுதலுக்குச் சொல்லாதீங்க மேடம். அது காலையிலேர்ந்து நெறைய வந்துகினு கீது."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "மெஷின் எங்க?" என்றாள்.

சட்டைப்பையிலேயே இருந்தது. அவனைத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, அவனுடைய முன்கையின் மேல்பக்கம் இரண்டு பேடுகளையும் ஒட்டினாள்.

"இங்கதான ஒட்டினீங்க?"

"நீங்க பேனாவால புள்ளி வச்ச எடத்துலதான்."

பட்டனை அமுக்கினாள். எறும்பு ஊர்வது போல் இருந்தது. பிறகு அவன் கேட்காமலேயே அவன் விரல்கள் விரிந்தன.

"இப்ப மூடச் சொல்லுங்க."

"யார?"

"மெஷினத்தான்."

கரண்டைக் கூட்டினாள். கை இன்னும் விரிந்தது.

"இந்தப் பக்கம் திறக்கிற தசை மட்டும்தான் இருக்கு. மூடுற தசை உள்பக்கம். அங்க நாம பேடே ஒட்டல. சிலருக்கு விறைப்புல தானா மூடும். உங்கப்பாவுக்கு அந்த விறைப்பும் கிடையாது." ஒயரை நேராக்கினாள். "போன வாரம் அவரா விரல மடக்குற மாதிரி லேசா ஒரு அசைவு பார்த்தேன். உங்ககிட்ட சொல்றேன்னேன். அதுக்கு அவரு, நானே காட்டிக்கிறேன், இப்பவே சொன்னா தெருவுக்கே மைக் செட் போட்டுடுவான்னாரு."

உத்தமனுக்கு ஒரு பதிலடி நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது.

"பிடிச்சது உங்கப்பாதான்" என்றாள் ஷர்மிளா.

கரண்ட் நின்றது. அவன் விரல்கள் பாதியில் தொய்ந்து நின்றன. மீதியை உத்தமன் மூடினான்.