கணக்கில் வராத குளிசை

கல்யாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லை என்றதும் ஊர்ச்சனம் கஜானிக்குச் சொல்லாத வைத்தியம் இல்லை. அவள் எல்லாவற்றையும் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டாள். கந்தசஷ்டி விரதத்தை மட்டும் விடவில்லை. ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். முருகன் இரங்கினாரோ தெரியாது, வயிறு இரங்கவில்லை. பாரணை முடிந்த பிறகும் நெஞ்செரிவும் வாந்தியும் அவளை விட்டபாடில்லை.

அந்த நேரம் மருதனார்மடத்தில் ஒரு பெண் வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கணவன் கோபிசங்கரோடு போனாள். அவர் வேறு சோதனைகளோடு பால் சுரக்கவைக்கும் புரோலக்ரின் ஹோர்மோனுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார்; அது கூடினால் பிள்ளை தங்காதாம். முடிவு வந்தபோது, அது இருக்கவேண்டிய அளவைவிட எங்கேயோ ஏறி நின்றது.

"மூளைக்குக் கீழை இருக்கிற சுரப்பியிலை சின்னக் கட்டி இருந்தாலும் இப்பிடிக் கூடும். தலையை ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாப்பம்," என்றார் வைத்தியர்.

கஜானியின் காதில் விழுந்தது கட்டி என்ற சொல் மட்டும்தான். பிள்ளை கேட்கப் போனவளுக்கு உயிர் மிஞ்சுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. கோபிசங்கரின் முகமும் செத்துப் போயிற்று.

"குளிசை ஏதும் போடுறீரோ?"

"இல்லை டொக்டர்."

பயத்தில் வயிற்றைப் பிரட்டியது. கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றை உடைத்து, வைத்தியரின் கண் முன்னாலேயே வாயில் போடப் போனாள்.

"நில்லும் பிள்ளை! உது என்ன?"

"இது குளிசை இல்லை டொக்டர். வயித்துப் பிரட்டலுக்கும் சத்திக்கும் போடுறது. விரதம் முடிஞ்ச நாளிலையிருந்து மூண்டு நேரமும் போடுறன்."

எங்கள் ஊரில் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் போடுவதுதான் குளிசை. வயிற்றுக்குப் போடுவதெல்லாம் இஞ்சி, உள்ளியோடு சேர்த்தி. வைத்தியர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"உதுவும் புரோலக்ரினைக் கூட்டும். உதை நிப்பாட்டும், வயித்துக்கு வேறை மருந்து தாறன். ஒரு கிழமையாலை திரும்ப இரத்தம் குடும். ஸ்கானை அதுக்குப் பிறகு யோசிப்பம்."

அந்தக் கிழமை கஜானி தலை வாரும்போதுகூட மெல்லத்தான் வாரினாள், உள்ளே இருப்பது நொந்துவிடும் என்பதுபோல. கோபிசங்கர் கேட்காமலே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். அது அவளை இன்னும் பயப்படுத்தியது.

இரண்டாவது முடிவை வைத்தியர் வாசித்து நிமிர்ந்தார்.

"அளவாத்தான் இருக்கு. குளிசை செய்த வேலை. ஸ்கான் தேவையில்லை."

கஜானி வெட்கம் பாராமல் விம்மி அழுதாள். நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது.

வைத்தியர் கோபிசங்கரின் பக்கம் திரும்பினார். "தம்பி, நாலு வருசமாப் பிள்ளை இல்லை, சோதனை எல்லாம் இவவுக்குத்தான். உங்களை ஒருக்காலும் பாக்கேல்லையே?"

அவனிடம் அதைக் கேட்கிற துணிவு இதுவரை ஒருவருக்கும் வரவில்லை. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த மனிதன். கஜானி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இவவுக்கு ஒண்டும் இல்லையெண்டாக் காணும் டொக்டர்," என்று அவன் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினான். "எனக்கு என்ன சோதனை எண்டாலும் எழுதுங்கோ. இரத்தம் இப்பவே தாறன்."