பரஸ்தான மூட்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. ஓசூரிலிருந்து பாகலூர் போகும் பஸ்ஸில், ஷிப்ட் முடிந்து தூங்கி விழும் கம்பெனிப் பையன்களுக்கு நடுவே கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரைத்த தலை அம்மாள், பெயர் வெள்ளையம்மா, "எங்கம்மா கப்பலேற மெட்ராஸ் போனா" என்று தானாகவே ஆரம்பித்தார். நான் கேட்டது "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பது மட்டும்தான்.

கதை சூடு பிடித்து ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் சண்டை முற்றிய நேரம் பார்த்து பாகலூர் வந்துவிட்டது. "அப்புறம்?" என்றேன். "அப்புறம் இன்னா, என் ஸ்டாப்பு வந்துச்சு" என்று இறங்கிப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

(அவர் பாகலூரில் இறங்கியதை வைத்து முடிவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். மலேயா போனவர்களும் ஊர் திரும்பியிருக்கிறார்கள். அன்றைக்கு நடந்ததை அவருக்குச் சொன்னது அம்மாவா தம்பியா என்பதும் எனக்குத் தெரியாது. நானும் துப்பறிந்து பார்த்துத் தோற்றவன்தான்.)

2

தொடக்கம் ஒன்று: "வங்கக் கடலின் நீல அலைகள் தாலாட்ட, கம்பீரமாக அசைந்தாடியபடி அந்தக் கப்பல்"

நிறுத்து. நான் கப்பலைப் பார்த்தது காலண்டரில்தான்.

தொடக்கம் இரண்டு: "1953ஆம் ஆண்டு ஓசூர் தாலுகாவில் பெரும்பாலோர் கேழ்வரகு பயிரிட்டு"

இதைப் படிக்க தாசில்தாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உங்களுக்குக் கொடுப்பதில்லை.

தொடக்கம் மூன்று: திம்மப்பன் ஒரு சொம்புத் தயிரைக் குடித்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் மலேயாவுக்குக் கிளம்பினார்.

இது பரவாயில்லை. சனிக்கிழமை கிழக்கே சூலம். மெட்ராஸ் கிழக்கே இருக்கிறது. கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த மாமன் ஆஞ்சப்பன் "குடும்பத்தோட வந்துடு, கூட்டா நடத்தலாம்" என்று கூப்பிட்டதும், திம்மப்பன் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பஞ்சாங்கத்தைத்தான் எடுத்தார். நல்ல நாள் புதன்கிழமை என்றது பஞ்சாங்கம். டிக்கெட் ஒத்துவந்தது சனிக்கிழமைக்கு. ஆகவே புதன்கிழமையே பரஸ்தானம் வைத்தார்கள்.

\* தெரியாதவர்களுக்கு: கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் பயணம் போகிறவர்களின் துணியில் ஆளுக்கொன்று எடுத்து மூட்டை கட்டி, அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். துணி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. கிரகங்களை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்பது கிரகங்களுக்கு மட்டும் தெரியாது.

"துணி வெச்சவன் நிக்கக்கூடாது, வெக்காதவன் கெளம்பக்கூடாது" என்று திம்மப்பன் அன்று ஊருக்கே வகுப்பெடுத்தார். "நம்ம கோவிந்தப்பன் பரஸ்தானம் வெக்காம போனான். இன்னா ஆச்சு? காட்பாடி தாண்டல, காய்ச்சல்ல திரும்பி வந்தான்."

போகிறவர்கள் மூன்று பேர்: திம்மப்பன், மனைவி நாராயணம்மா, ஆறு வயது மகன் முனிராஜ். எட்டு வயது மகள் வெள்ளையம்மா போகவில்லை. "பொட்டப்புள்ள அங்க வளந்தா இங்க எவன் கட்டுவான்? பாகலூர்ல அக்கா வூட்ல இருக்கட்டும். அப்புறமா பாத்துக்கலாம்" என்பது திம்மப்பன் தீர்ப்பு. அக்கா சாந்தம்மாவுக்கு ஒரு மகன் இருந்தான், சின்னராஜ். அந்த 'அப்புறமா'வுக்கு என்ன அர்த்தம் என்று நாராயணம்மாவுக்குத் தெரியும். பெண்ணை அங்கேயே கட்டிவைத்துவிடுவார்கள்.

அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாவிட்டால் சம்மதம் என்று ஆண்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, திம்மப்பனும் அதை நன்றாகப் படித்திருந்தார்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். திம்மப்பனை ரொம்பத்தான் வாரிவிடுகிறேனோ? மனுஷன் குடிக்கமாட்டார். கை நீட்டமாட்டார். பெங்களூர் போய் ரயிலேறியதும் ஜன்னலோரத்தை மனைவிக்குத்தான் கொடுத்தார். வில்லனாக இருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நாராயணம்மாவுக்கும்தான்.

4

கப்பலுக்கு முதல் நாள். மெட்ராஸைச் சுற்றிப் பார்த்தார்கள். வழிகாட்டி திம்மப்பன். ஒரு வாய்தாவுக்காக முன்பு ஒரே ஒரு தடவை வந்து போனவர் என்பதால் நகரம் முழுவதும் அவருக்கு அத்துப்படி.

முதலில் செத்த காலேஜ். மியூசியத்தை மெட்ராஸ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டி, "இந்த மீனுங்கதான் கப்பலுக்கு அடியில படுத்துனு இருக்கும்" என்றார். முனிராஜ் அழ ஆரம்பித்தான். அதற்குப் பிறகு உயிர் காலேஜ், அதாவது மிருகக்காட்சி சாலை. புலியைப் பார்த்து, "ப்பூ, நம்ம அஞ்செட்டிக் காட்டுல இதவிடப் பெருசு" என்றார். அஞ்செட்டிக் காட்டில் அவர் பார்த்தது முயல். ராகு காலம் வந்ததும் ஒரு மரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்தார். அது முடிந்த பிறகுதான் கடற்கரை.

நாராயணம்மா கடலை அப்போதுதான் பார்த்தாள். (கடலின் பிரம்மாண்டம் அவள் உள்ளத்தில் ஏதோ ஒரு இனம்புரியாத) இல்லை. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, இதுக்கு அந்தாண்ட கரை எங்க?"

"அந்தாண்டதான் பினாங்கு."

"கண்ணுக்கே தெரியலியே. இங்கிருந்து கூப்ட்டா கேக்குமா?"

"பைத்தியமா நீ? இங்கிருந்து யாரு கூப்டப்போறா?"

பரஸ்தான மூட்டையைக் காலையிலிருந்து அவள்தான் இடுப்பில் வைத்திருந்தாள். "குடு, நான் தூக்கறேன்" என்று திம்மப்பன் கேட்டும் தரவில்லை. அவள் பயந்திருந்தாள். இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

5

மாலையில், கடைசியாக, போட்டோ ஸ்டுடியோ. படுதாவில் ஒரு கப்பல் வரைந்திருந்தது. புகைபோக்கியில் புகை, மேலே கொடி, ஓரத்தில் எதற்கோ ஒரு மயில். நாளைக்கு நிஜக் கப்பலில் ஏறப்போகிறவர்கள் இன்றைக்குத் துணிக் கப்பல் முன்னால் நிற்பதற்குக் காசு கொடுத்தார்கள். சும்மா சிரிக்காதீர்கள், உங்கள் போனில் என்னென்ன படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"அந்த ஜரிகை வேட்டி மூட்டையிலதான இருக்குது? எடு, கட்டிக்கறேன்" என்றார் திம்மப்பன். ஊர் எல்லை தாண்டியாகிவிட்டது, பிரிக்கலாம். அவள் தயங்கினாள். அவரே பிடுங்கிப் பிரித்தார்.

ஜரிகை வேட்டி இருந்தது. முனிராஜின் சட்டை இருந்தது. நாராயணம்மாவின் சேலை இருக்கவேண்டிய இடத்தில் துண்டில் சுற்றியபடி ஒரு சின்னப் பச்சைப் பாவாடை இருந்தது.

இந்த வீட்டில் பேசுவது தமிழ், கணக்குப் போடுவது கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு.

"ஏமே இதி?" என்றார் திம்மப்பன்.

"வெள்ளையம்மா பாவாட."

"உன் சேல எங்க?"

"ஊர்ல, பொட்டியில கெடக்குது." அவள் பாவாடையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "துணி கெளம்புனா ஆளு கெளம்புன மாதிரின்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப வெள்ளையம்மா புதன்கெழமையே கெளம்பிட்டா. நான்தாங்க இன்னும் கெளம்பல."

திம்மப்பன் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாஸ்திரமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சூலம், ராகு காலம், ஒரு சொம்புத் தயிர், கோவிந்தப்பனின் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துக்கொண்டன.

"தயிர் குடிச்சா செரியாப் போவும்" என்றார் கடைசியில்.

"யாரு குடிக்கணும்? அவளா, நானா?"

6

இதுவரைதான் வெள்ளையம்மா சொன்னார். இனி என் பாடு.

முடிவு அ: நாராயணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலேறுகிறாள். 'தியாகச் சுடர்' என்று தலைப்பு வைத்தால் பத்திரிகைகள் அடித்துப் பிடித்து வாங்கும். பாவாடையை என்ன செய்தாள் என்று எந்த ஆசிரியரும் கேட்கமாட்டார்.

முடிவு ஆ: "என் கண்ணத் தொறந்துட்ட நாராயணி!" என்று திம்மப்பன் கதறி அழுது, கப்பல் போனால் போகட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த கப்பலுக்கு வரலாம் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கண்ணைத் திறப்பதற்கும் நல்ல நேரம் பார்க்கிறவர்.

முடிவு இ: அவள் மட்டும் சென்ட்ரலுக்கு நடக்கிறாள். மூட்டையோடு, தலை நிமிர்ந்து,

எழுதிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் முனிராஜ் ஞாபகம் வந்தது. அவன் காலையிலிருந்து அவள் முந்தானையை விடவே இல்லை. மகளிடம் திரும்பினால் மகன் கப்பலில் போய்விடுவான். மகனோடு ஏறினால் மகள் பாகலூரில். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

7

ஆகவே ஸ்டுடியோவிலேயே நிற்கிறோம். இவர்கள் சண்டை எதுவும் காதில் விழாத போட்டோக்காரர் நாற்காலியை நகர்த்தி, நாராயணம்மாவை உட்காரவைத்து, அப்பாவையும் பிள்ளையையும் இரண்டு பக்கமும் நிறுத்துகிறார். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்கிறார்: "எல்லாரும் வந்தாச்சா? பிடிக்கலாமா?"

"ஆச்சு, பிடிங்க" என்கிறார் திம்மப்பன்.

நாராயணம்மா பச்சைப் பாவாடையை மடியில் விரித்து, சுருக்கத்தை நீவிவிடுகிறாள். "இல்லீங்க. இன்னும் ஒருத்தி வரணும்."

"வரட்டும், நிக்கறேன்" என்கிறது கறுப்புத் துணி.

திம்மப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். என்ன சொல்லப்போகிறார் என்று என்னிடம் கேட்காதீர்கள், என் ஸ்டாப்பும் வந்துவிட்டது. நீங்களே அவரைச் சொல்லவையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். துணிக்குள் இருக்கிற மனுஷனுக்கு மூச்சு முட்டும்.