மீன் வராத இடம்

"ஆம்புலன்ஸ் மங்கலம் தாண்டிருச்சாமா. மொதல்ல அந்தக் கருமத்த நிறுத்து கண்ணு," என்றாள் சுப்புலட்சுமி அத்தை. தன் அண்ணனின் உடலைக் கிடத்துவதற்காகச் சுவரோர நாற்காலிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு மீன்கள் சிதறி ஓடின.

அவர் மகள் பரணி அசையவில்லை. மூலையில் உயரமான ஸ்டாண்டில் அப்பாவின் புரொஜக்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பிறந்தநாள், காதுகுத்து விழாக்களுக்கு எடுத்துப் போவார். அதன் வெளிச்சத்திலேயே தரை முழுக்கக் குளமாகிவிடும். பிள்ளைகள் மிதித்தால் மீன்கள் விலகும். "தீனி போட வேண்டாம், தண்ணி மாத்த வேண்டாம். இப்பிடியொரு பொழப்பு ஆருக்குங்க கெடைக்கும்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அம்மா கடைக்குப் போய்த் திரும்பியபோது அவர் தரையில் கிடந்தாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய அவசரத்தில் யாரும் இதை அணைக்கவில்லை.

இப்போது குளத்தின் நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு மீனும் போகவில்லை. அங்கே யாருமில்லை.

சுவிட்ச் போட்டு ஒரு நிமிஷம் கழித்து மெஷின் தரையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளும்; அதற்குப் பிறகுதான் மீன்கள் வரும். அப்போது எது கிடந்தாலும் அதற்கு அதுவும் தரைதான். பிறகு அதை எடுத்துவிட்டால், யாரோ வந்துவிட்டதாக நினைத்து மீன்கள் ஒதுங்கும். "ஆன் பண்றப்ப குறுக்க நிக்காத கண்ணு!" என்று அப்பா எத்தனை முறை கத்தியிருப்பார்.

அப்படியென்றால், மீன்கள் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டார். பாவி மனுசன், கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் இல்லாமல்.

"சொல்றது கேக்குலையா?"

"அணைச்சா போயிருமுங்க அத்த. அப்பா கெடந்த எடமுங்க அது. மறுக்காப் போட்டா வராதுங்க."

அத்தை அந்த இடத்தைப் பார்த்தாள். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

வாசலில் வண்டி நின்றது. அம்மாவின் அழுகை முதலில் உள்ளே வந்தது. பெரியப்பா மகன் குணாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போர்வையோடு தூக்கி வந்தார்கள்.

"ஐஸ்பெட்டி வர்ற வரைக்கும் எங்கீங்க அத்த வெக்கறது?" என்றான் குணா.

"இங்கண்ணா," என்றாள் பரணி. "மீனு வராத எடத்துல."

தலைமாடு, கால்மாடு எல்லாம் அவளே பார்த்துச் சரி செய்தாள். அப்பா அந்த இடத்தில் சரியாகப் பொருந்தினார். அவளுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தூக்கியவர்கள் விலகி நின்றார்கள். ஓரத்திலிருந்து ஒரு மீன் வந்தது. அப்பாவின் பாதத்தில் ஏறி, முழங்கால், வயிறு, நெஞ்சு என்று நிதானமாக நீந்திப் போனது. பின்னாலேயே மற்றவையும் வந்தன.

பரணி மூலைக்குப் போய் சுவிட்சை அணைத்தாள்.