மறுமுனையில் இருந்தவள்

வீட்டில் இருந்த இரண்டு செல்போன் எண்களும் அவள் கணவர் பெயரில்தான் இருந்தன. ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று கடைக்காரன் சொன்ன நாளில் வாங்கியவை. அதில் ஒன்றை அவளிடம் நீட்டி, "இனிமே உங்கக்காகூட மனசாரப் பேசிக்கோ" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். அவளும் அதைத்தான் செய்தாள். அரசாங்கமும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். கணவர் குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தார். தொழிற்சங்கச் செயலாளரும் அவரே. எல்லாரும் 'செயலாளர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நீரேற்று நிலையத்தைத் தனியாரிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், செயலாளர் கூட்டம் போட்டார், ஊர்வலம் போனார், கடைசியில் தற்காலிக நீக்கத்தில் வந்து நின்றார். விசாரணை அதிகாரி கேட்ட ஒரு கேள்வியில்தான் அவருக்குப் பொறி தட்டியது.

"அதை நான் போன்ல மட்டும்தான் சொன்னேன். நேர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சங்கத்துக்கு ஒரு பெண் வக்கீல் இருந்தார். எந்நேரமும் கன்னத்தில் ஒரு தொண்டை மிட்டாயை அடக்கிக்கொண்டு பேசுகிறவர். அந்த வக்கீலம்மா வழக்குப் போட்டார். இல்லை என்று மறுப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அரசு மறுக்கவில்லை. ஆமாம், கேட்டோம், பொதுப் பாதுகாப்புக்காகக் கேட்டோம், அவர் பெயரில் இருந்த இரண்டு எண்களையும் கேட்டோம் என்று பதில் வந்தது. இரண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தன் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள்.

அரசு வக்கீல் மென்மையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் நின்றால் ஆஸ்பத்திரி என்ன ஆகும், தீயணைப்பு என்ன ஆகும் என்று வருத்தப்பட்டார். "தப்பு செய்யாதவங்களுக்கு இதுல என்னங்க பயம்?" என்று முடித்தார்.

வக்கீலம்மா எழுந்தார். "குளிக்கும்போது எல்லாரும் கதவைச் சாத்திக்கறோம். தப்பு செய்யறதுனாலயா சாத்திக்கறோம்?"

நீதிபதி லேசாகச் சிரித்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கண்ணாடியின் பவர் அவருக்குப் போதாது என்பதை, அந்தக் கலவரத்திலும், இவள் கவனித்தாள்.

ஒலிப்பதிவைப் போட்டுக் காட்ட அரசு வக்கீல் அனுமதி கேட்டார். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். மேஜைமேல் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து அவளுடைய குரலே வந்தது.

"வால்வைத் திருப்பினா ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்ங்கறாரு அக்கா. எல்லாம் அவரு கையிலதான் இருக்காம்."

அதோடு நிறுத்திவிட்டார்கள். "கூட வாழற மனைவியே சொல்றாங்க" என்றார் அரசு வக்கீல், அதே மென்மையோடு. செயலாளர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

மதிய இடைவேளையில் வக்கீலம்மா அவளை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போனார்.

"அந்தப் பேச்சோட காப்பி எனக்கும் வந்துச்சும்மா. முழுசும் கேட்டேன். அடுத்ததாவே நீங்க, 'வீட்டுக் குழாய் சொட்டறதை நிறுத்தத் தெரியல, இவரு ஊர்த் தண்ணிய நிறுத்தப் போறாராம்'னு சிரிக்கறீங்க. அது போதும். மிரட்டல் இல்ல, வீட்டுக் கேலின்னு நீதிபதிக்குப் புரிஞ்சுடும்."

"அதை மட்டும் போடலாமா?"

"அவங்க பாதியில வெட்டிட்டாங்கன்னு சொல்லிட்டு நாமளும் பாதியில வெட்ட முடியாதே. கடைசி வரைக்கும் ஓடியாகணும்." மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன விஷயமும் வரும். வேண்டாம்னா வேற வழி யோசிக்கலாம். ஆனா பொய் சொல்ல மாட்டேன், வேற வழி பெருசா இல்ல."

யாரும் கேட்கக்கூடாத பேச்சைக் கேட்டதுதான் குற்றம் என்று வழக்கு. அதை நிரூபிக்க, அந்தப் பேச்சை எல்லாரும் ஒருமுறை கேட்க வேண்டும். போடாவிட்டால் கணவரின் வேலை போகும். ஊரைத் தவிக்கவிடச் சதி செய்தவர் என்று ஜெயிலுக்கே போனாலும் போவார். தன் வாயால் வந்த வினை. தானே தீர்க்க வேண்டியதுதான்.

"போடுங்க" என்றாள்.

கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் படிக்கட்டில் சங்கத்து ஆட்கள் நடுவில் நின்றிருந்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

"இரு, பேசிட்டிருக்கேன்ல."

"மீதியையும் போடப்போறாங்களாம்."

"போடட்டுமே. நமக்கு என்ன ஒளிவுமறைவு?" என்றார், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

மறுபடி கதவைச் சாத்தினார்கள். குழாய்க் கேலி வந்ததும் நீதிபதியின் உதடு துடித்தது. அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். வழக்கு அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது. ஆனால் பெட்டி பேசிக்கொண்டே போனது.

"மாருல இருந்த கட்டிய எடுத்துட்டாங்க அக்கா. கெட்டது இல்லன்னு சொல்லிட்டாங்க. அவசரம்னா யாருக்குச் சொல்லணும்னு அந்த நர்ஸ் பொண்ணு கேட்டா. வாய் தானா உன் பேரைச் சொல்லுச்சு. வெளிய வந்தப்புறம்தான் எனக்குக் கல்யாணம் ஆனதே ஞாபகம் வந்துச்சு. அவரைப் புடிச்சு உள்ள போட்டாக்கூட, கொஞ்ச நாள் வீடு அமைதியா இருக்குமேன்னு தோணுது. பாவம்தான். ஆனா தோணுது."

பிறகு அக்காவின் குரல், கரகரப்பாக. "எல்லா வீட்லயும் இப்படித்தான்டி. உன் ஆளுக்குக் காது கேக்கல, அவ்வளவுதான். இங்க கை நீளுது. போன வாரம் கதவு இடிச்சுடுச்சுன்னு பக்கத்து வீட்ல சொல்லி வச்சேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளிய விட்டுடாத."

அக்கா சொன்னதை அந்த அறையில் யாரும் பொருட்படுத்தவில்லை. இவளும்கூட. இவள் கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நாற்காலி விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தன.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது."

"வலிச்சுதா?"

"இப்ப இல்ல."

"நான் எங்க இருந்தேன் அப்ப?"

"மாநாட்டுல. சொல்லலாம்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். லைன்ல இருக்கீங்கன்னு வந்துச்சு."

மறுநாள் காலை அவள் எழுந்தபோது குழாய் சொட்டுவது நின்றிருந்தது. அவர் எப்போது எழுந்து சரிசெய்தாரோ தெரியாது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. வேற்றாள் யாரோ வீட்டுக்குள் வந்து போன மாதிரி இருந்தது.

சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒரு குடும்பப் பெண் தன் உடன்பிறந்தவளிடம் பேசியதில் அரசுக்கு வேலை இல்லை; பதிவுகளை அழிக்க வேண்டும்; அவற்றை நம்பி எடுத்த நடவடிக்கை செல்லாது. அந்தரங்க உரிமைக்குப் பெரிய வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. புதுச் சட்டம் கொண்டுவருவோம் என்று அமைச்சர் சொன்னார். டிவியில் ஆதரித்து இருவரும் எதிர்த்து இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செயலாளர் வேலைக்குத் திரும்பினார்.

ஆனால் அவரிடம் பழைய முறுக்கு இல்லை. வீட்டுக்குள் எங்கே உட்கார்வது என்று தெரியாத விருந்தாளிபோல நடமாடினார். ஏதாவது நல்லது செய்தாக வேண்டும் என்று ஒரு தவிப்பு. அந்தத் தவிப்பில்தான் ஒரு நாள், அவள் கடையிலிருந்து வந்து பையை வைக்கும்போதே சொன்னார்:

"இன்னைக்கு நம்ம சகலையைக் கூப்பிட்டு நல்லாக் கேட்டுட்டேன். பொண்டாட்டி மேல கை வைக்கறியே, நீயெல்லாம் மனுஷனான்னு."

அவள் பையை வைக்கவில்லை. "யாரு சொன்னாங்கன்னு கேட்டாரா?"

"கேட்டான். உன் வீட்டம்மா வாயாலேயே கோர்ட்ல பதிவாகியிருக்குன்னேன். அப்படியே வாயடைச்சுப் போயிட்டான்."

பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு அவர் நின்றார். அவள் அக்காவின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரவும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

கடையில் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காதான் கதவைத் திறந்தாள். முழுக்கை ரவிக்கைமேல் புடவையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டாள். தான் உட்காரவில்லை.

"போன் என்ன ஆச்சு அக்கா?"

"அவர்கிட்ட இருக்கு."

"அடிச்சாரா?"

அக்காவுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"கதவைச் சாத்திட்டாங்க அக்கா. நீதிபதி, வக்கீலுங்க, நாங்க. அவ்வளவுதான்."

"நான் பேசினதுமா?"

"நீ பேசினதும்தான்."

"போடலாமான்னு உன்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அக்கா நம்பவும் நம்புவாள்.

"போடச் சொன்னேன். அவருக்கு வேலை போயிடும்னு... உன் குரலும் அதுல இருக்கும்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல அக்கா. சத்தியமா தோணல."

அக்கா தலையாட்டினாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் அக்கா கோபப்பட்டால் காதைத் திருகுவாள். திருகியதும் கோபம் போய்விடும்.

"என்னை யாருமே கேக்கலையே" என்று மட்டும் சொன்னாள், குற்றம் சாட்டுகிற தொனியில் இல்லாமல், ஏதோ கணக்கு உதைக்கிறது என்பதுபோல. பிறகு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "அவரு வர்றதுக்குள்ள கிளம்பிடு. உன்னைப் பார்த்தா இன்னும் வெறி ஏறும்."

"என்கூட வந்துடேன் அக்கா."

"உன் வீட்டுக்கா?" என்றாள் அக்கா. சிரித்தாளா என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு அக்கா பேசாமல் போய்விடவில்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து எப்போதாவது கூப்பிடுவாள். உடம்பு எப்படி இருக்கு என்பாள். அங்கே மழையா என்பாள். இவள் ஆமாம், மழைதான் என்பாள். வேறு ஏதாவது கேட்க இவள் வாயெடுப்பதற்குள், சரி வைக்கறேன் என்று அக்கா வைத்துவிடுவாள்.