சிவப்பைத் தொட்ட முள்

…அதுவும் ஒரு தகடுதான், அட்டை கனம்கூட இருக்காது, இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே உட்கார்ந்து தண்ணீரையும் எண்ணெயையும் கலக்கவிடாமல் காப்பது, ஹெட் கேஸ்கெட், அது எரிந்து போனதற்கு முழு இஞ்சினையும் வெளியே தூக்க வேண்டியிருக்கிறது, இருக்கைக்குப் பின்னால் இஞ்சினைச் செருகி இந்தக் காரை வடிவமைத்தவன் கையில் கிடைத்தால்… அவன் என்ன செய்வான், ஓட்டத் தெரியாத பெண்டாட்டி ஓட்டினால். மூன்று மாதமாக இதையே மென்றுகொண்டிருக்கிறான், சாறு வற்றிய பிறகும் துப்ப மனம் வரவில்லை. ஓட்டத் தெரியாதவளா அவள்? அவனைவிட நன்றாக ஓட்டுவாள், அது வேறு விஷயம், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் நிறுத்தவில்லையே. பக்கத்து இருக்கையில் அவள் அம்மா மூச்சு இழுத்துக்கொண்டு, சாலையெல்லாம் நெரிசல், மற்ற காரை அவன் வேலைக்கு எடுத்துப் போயிருந்தான், வீட்டில் இருந்தது இந்த இரண்டு சீட் பந்தயக் கார் மட்டும்… ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் அவன் முதலில் கேட்டது என்ன? அத்தைக்கு எப்படி இருக்கு என்றா? "வண்டிய எங்க விட்ட?" அதைத்தான் கேட்டான். வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நர்சுகளுக்கு நடுவில், "கண்ணு அவிஞ்சா போச்சு? முள்ளு தெரியல?" என்றான். அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேங்க." பத்தாம் நாள் அத்தை போய்விட்டாள். அதற்கப்புறம் இந்த வீட்டில் பேச்சென்றால், சாப்பாடு மூடி வெச்சிருக்கு, கதவப் பூட்டிடுங்க, அவ்வளவுதான்.

கூட நின்று தூக்கித் தருகிறேன் என்ற நண்பன் கடைசி நேரத்தில் கழுத்தறுத்துவிட்டான், வேறு வழியில்லாமல் அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், என்ன செய்யணும் என்று மட்டும் கேட்டாள், கப்பிச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள், இஞ்சின் ஒரு சாண் ஏறியது, இரண்டு சாண், ஆடாமல் அவன் அணைத்துப் பிடித்திருக்கிறான்… நில், இது என்ன? இஞ்சினின் அடிப்பக்கம், சூடேறினால் விசிறியை ஓடச் சொல்லும் சென்சார், அதில் ஒயரே இல்லை. ஒயர் ஓரமாகத் தொங்குகிறது. அறுந்து போகவில்லை, யாரோ ஒழுங்காகக் கழற்றி, மஞ்சள் டேப் சுற்றி… யாரோவா? இந்த வீட்டில் மஞ்சள் டேப் யாரிடம் இருக்கிறது? அத்தைக்கு முடியாமல் போன அந்த வாரம்தான் இஞ்சினுக்குத் தண்ணீர்க் குழாய் மாற்றினான், நடுவில் போன் வந்தது, கை கழுவிக்கொண்டு எழுந்து போனான், திரும்பி வந்து மாட்டினானா? மாட்டியிருந்தால் டேப் மேல் எப்படி இத்தனை தூசி? விசிறி ஓடாத வண்டி நெரிசலில் கொதிக்காமல் வேறென்ன செய்யும். அவள் அன்றைக்கே சொன்னாள், "விசிறிச் சத்தமே கேக்கலங்க" என்று. "நீ எனக்கு வண்டி சொல்லித் தராத" என்றான், அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள், காதில் விழுந்திருக்குமா…

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. இழு."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவன் கை அந்த ஒயரை எப்போது மூடிக்கொண்டது? சொல்லலாம், ஒரு வரிதானே, இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறாள், சொன்னால் கத்துவாளா, அழுவாளா, கத்தினால்கூட நன்றாயிருக்கும்… இரண்டும் செய்ய மாட்டாள் என்று பட்டது. சரி, இன்னும் இழுக்கணுமா, என்று கேட்பாள், சங்கிலியை விடாமல், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்…